‘யாரோட போனா?’ என்று கேட்பவர்களுக்கு

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். இல்லாதவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முப்பத்து மூன்று வருஷம் வீட்டுப்பாட நோட்டு திருத்தியவள் நான்.

போன வாரம் இங்கே ஒரு நாவலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஹிலாரி வாஹ் என்ற அமெரிக்கர் 1952-ல் எழுதிய ‘லாஸ்ட் சீன் வேரிங்’. (பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஆண்தான்.) ஒரு சின்ன ஊர். அங்கே கல்லூரி விடுதியிலிருந்து ஒரு பெண் காணாமல் போகிறாள். உள்ளூர்ப் போலீஸ் தேடுகிறது. இவ்வளவுதான் எழுதினேன்.

முதல் பதில் என் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து வந்தது. “யாரோட போனா டீச்சர்?” பக்கத்தில் கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் மூன்று பொம்மைகள். அதற்குக் கீழே பதினேழு பேர் சிரித்திருக்கிறீர்கள். அதில் நான்கு பேர் பெண்கள். உறவில் ஒருவர், “இந்த வயசுல ஓடிப்போன கதையெல்லாம் எதுக்கு அத்தை? நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லக் கூடாதா?” என்று அக்கறையோடு கேட்டிருக்கிறார்.

யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்கள் பிள்ளைகளும் படிப்பார்கள். ஆனால் பதில் சொல்லாமல் விடவும் முடியாது. நான் எழுதியதில் ‘காணாமல் போனாள்’ என்றுதான் இருந்தது. ‘ஓடிப்போனாள்’ என்று யார் திருத்தியது? ஒரு கற்பனைப் பெண், அதுவும் எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவர் எழுதிய பெண். அவளைக்கூட நீங்கள் விடவில்லையே!

முதலில் புத்தகத்தின் தலைப்பைப் பாருங்கள். ‘கடைசியாகப் பார்த்தபோது உடுத்தியிருந்தது’ என்று அதற்குப் பொருள். காணாமல் போனவர்களைப் பற்றிப் போலீஸ் வெளியிடும் அறிவிப்பில் வரும் வாசகம் அது. நம் செய்தித்தாள்களிலும் அதே வரி வரும்: மாநிறம், ஐந்தடி உயரம், காணாமல் போன அன்று நீல நிறச் சுடிதார் அணிந்திருந்தார். ‘என்ன உடுத்தியிருந்தாள்?’ என்பது போலீஸ் கேட்கும்போது கண்டுபிடிப்பதற்கான கேள்வி. அதே கேள்வியைத் தெரு கேட்டால் அது அவள் மேல் பழி போடுவதற்கான கேள்வி. வார்த்தை ஒன்றுதான், கேட்கிறவர்களின் நோக்கம்தான் வேறு.

நாவலில் நடப்பது இது. 1950 மார்ச் மாதம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற ஊர், ஆசிரியர் கற்பனையாக அமைத்தது. பார்க்கர் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் பதினெட்டு வயதுப் பெண் லோவெல் மிட்செல் காலை வகுப்பு முடிந்து அறைக்கு வருகிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அறைத்தோழி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் அங்கே இல்லை. ஊர்ப் போலீஸ் தலைவர் ஃபிராங்க் ஃபோர்டு. கல்லூரிப் படிப்பு இல்லாதவர், எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறவர், ஆனால் வேலையில் கெட்டி. அவருக்கு உதவியாக சார்ஜென்ட் கேமரன், அவர் கல்லூரியில் படித்தவர். இருவரும் நாவல் முழுக்க ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே வேலை செய்கிறார்கள்.

என்ன வேலை? விசாரிப்பதும், சரிபார்ப்பதும், ஒன்று பொய்த்தால் அடுத்ததற்குப் போவதும்தான். ரயில் நிலையம், பேருந்து நிலையம், வாடகைக் கார், அவளைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். கல்லூரி ஏரியைக்கூட வடிய விட்டுப் பார்க்கிறார்கள். அவளுடைய நாட்குறிப்பில் வரும் ஒவ்வொரு ஆண் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, அந்த ஆள் அன்றைக்கு எங்கே இருந்தான் என்று தேடுகிறார்கள். துப்பாக்கிச் சண்டை கிடையாது. மேதாவி துப்பறிவாளர் கிடையாது. பத்து நாள் பழைய வருகைப் பதிவேட்டைச் சரிபார்க்கிற மாதிரி அலுப்பான வேலை. அந்த அலுப்பைப் பக்கத்துக்குப் பக்கம் விறுவிறுப்பாக்கியதுதான் இந்த நாவலின் பெருமை. போலீஸ் விசாரணையை உள்ளபடி காட்டும் நாவல்களுக்கு இன்றைக்கும் இதை முன்னோடியாகச் சொல்கிறார்கள். ஆங்கில விமர்சகர் ஜூலியன் சைமன்ஸ் நூறு சிறந்த குற்றக் கதைகளைத் தேர்ந்தெடுத்தபோது இதையும் சேர்த்தார். முடிவு என்ன என்று சொல்ல மாட்டேன். படியுங்கள்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி வரும், எனக்குத் தெரியும். “டீச்சர், அந்தப் போலீஸ்காரரும் ஆண் நண்பர்களைப் பற்றித்தானே விசாரிக்கிறார்? நாங்கள் கேட்டால் மட்டும் தப்பா?”

விசாரிக்கிறார். விசாரிக்க வேண்டியது அவர் கடமை. ஆனால் அவர் கேட்கும் பத்துக் கேள்வியில் அது ஒன்று. உங்களுக்கு அது ஒன்றுதான் கேள்வி. அவர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார், கிடைத்த பதிலைச் சரிபார்க்கிறார், பொருந்தவில்லை என்றால் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறார். டீக்கடையில் ஒட்டிய பெயரை யாராவது எப்போதாவது அடித்திருக்கிறீர்களா?

இதே தலைப்பில் இங்கிலாந்தில் காலின் டெக்ஸ்டரும் 1976-ல் ஒரு நாவல் எழுதினார். அதிலும் பள்ளிக்கூடம் படிக்கும் ஒரு பெண் காணாமல் போகிறாள். (வாங்கும்போது எழுதியவர் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.) அதில் வரும் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் படித்தவர், கூர்மையானவர். அவரே ஊகத்துக்கு மேல் ஊகமாகக் கட்டிக் கட்டி, ஒவ்வொன்றும் சரிந்து விழுவதைப் பார்க்கிறார். பயிற்சி பெற்ற மூளைக்கே அந்தக் கதி. நாம் ஒரு புகைப்படத்தைப் பார்த்த அரை நிமிஷத்தில் முழுக் கதையும் சொல்லிவிடுகிறோம்.

ஹிலாரி வாஹின் நாவலுக்குப் பின்னால் நிஜமாக நடந்த ஒரு சம்பவம் இருக்கிறது என்று சொல்வார்கள். 1946 டிசம்பர் 1. வெர்மான்ட் மாநிலம், பென்னிங்டன் கல்லூரி. பதினெட்டு வயது மாணவி ஒருத்தி மலைப்பாதையில் நடந்துவிட்டு வரலாம் என்று கிளம்பினாள். சிவப்பு மேல்சட்டை போட்டிருந்தாள். ராத்திரிக் குளிருக்கு ஏற்ற உடுப்பு இல்லை, சீக்கிரம் திரும்பிவிடும் எண்ணம்தான் போலிருக்கிறது. வழியில் ஒருவர் காரில் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். பாதையில் போனவர்கள் சிலர் அந்தச் சிவப்புச் சட்டையைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை.

கல்லூரி வகுப்புகளை நிறுத்திவிட்டு மாணவிகளும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் மலையில் இறங்கித் தேடினார்கள். ஆனால் தேடலை நடத்தத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. அந்த மாநிலத்துக்கு அன்றைக்கு மாநிலப் போலீஸ் என்று ஒன்றே கிடையாது. மாவட்ட ஷெரீப் ஒருவர், அவருக்குச் சில ஆட்கள், அவ்வளவுதான். பக்கத்து மாநிலங்களின் போலீஸை உதவிக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. பெண்ணின் அப்பா கொதித்துப் போனார். இது என்ன நிர்வாகம் என்று வெளிப்படையாகவே கேட்டார். பத்திரிகைகளும் எழுதின. அடுத்த வருஷமே, 1947-ல், வெர்மான்ட் மாநிலப் போலீஸ் உருவானது. ஒரு அப்பா சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டதில் ஒரு மாநிலத்துக்கே காவல் துறை வந்தது.

அங்கேயும் வாய்கள் சும்மா இருக்கவில்லை. காதலனோடு போய்விட்டாள், வீட்டில் சண்டை, மனசு சரியில்லை என்று ஆளுக்கொரு கதை. 1945-க்கும் 1950-க்கும் இடையில் அந்த மலைப்பக்கம் காணாமல் போன வேறு சிலரையும் இவளோடு சேர்த்து, பிற்காலத்தில் ‘பென்னிங்டன் முக்கோணம்’ என்று பெயர் வைத்து, பேய், பறக்கும் தட்டு வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ‘ஏன் சரியாகத் தேடவில்லை?’ என்று கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். பேய் என்று சொல்லிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘ஓடிப்போனாள்’ என்பதும் அப்படித்தான். அந்த ஒரு சொல்லோடு எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

பென்னிங்டனில் காரில் ஏற்றிக்கொண்டு போன மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் சொன்னதால்தான் அவள் எந்தப் பக்கம் போனாள் என்றே தெரிந்தது. நம் ஊரில் அப்படி ஒருவர் முன்வந்து, “ஆமாம், அந்தப் பொண்ணை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன்” என்று சொல்வாரா? சொன்னால் அவர் கதி என்ன ஆகும்?

என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் வேலை பார்த்த ஊர்களில் ஒன்றில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. வீட்டிலும் இல்லை. அப்பா கூலி வேலைக்காரர். ஸ்டேஷனுக்குப் போனார். “சொந்தக்காரங்க வீட்டுல எல்லாம் தேடிட்டு வாங்க, ரெண்டு நாள் பாப்போம்” என்றார்கள். அந்த இரண்டு நாளில் ஊர் வழக்கை விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டது. அவள் தினமும் வரும் டவுன் பஸ்ஸில் ஒரு இளவயது கண்டக்டர். அவர் சிரித்த முகக்காரர், அது ஒன்றே சாட்சி. “அவனோடதான் போயிருப்பா” என்று திங்கட்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை காலையில் “அவனோட போயிட்டா” என்று ஆகிவிட்டது. அந்தக் கண்டக்டர் செவ்வாய்க்கிழமையும் அதே பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் அந்த வழித்தடத்தில் வரவில்லை.

அவள் எங்கே போயிருந்தாள் தெரியுமா? நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெரியம்மா வீட்டுக்கு. பத்தாவதோடு படிப்பை நிறுத்தப் போவதாக வீட்டில் பேச்சு வந்திருக்கிறது. பெரியம்மா சொன்னால் அப்பா கேட்பார் என்று, கையில் இருந்த காசுக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். அங்கே போன் கிடையாது. பெரியம்மா அன்றைக்கே போட்ட கடிதம் வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்தது.

யாரோடு போனாள்? தனியாகப் போனாள். எதற்குப் போனாள்? படிப்பதற்கு.

திரும்பி வந்தாள். ஆனால் பள்ளிக்கு வரவில்லை. நானும் இன்னொரு ஆசிரியையும் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். அந்த அப்பா கெட்டவர் இல்லை. “நான் நம்புறேன் டீச்சர், ஊரு நம்பணுமே” என்றார். பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே கல்யாணம் முடிந்துவிட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் அந்தக் கண்டக்டர். அவள் எங்கே இறங்கினாள், அடுத்து எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள் என்பதெல்லாம் அந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் அவர்தான். யாராவது அவரிடம் போய், “தம்பி, அந்தப் பொண்ணு எங்க இறங்கினா?” என்று கேட்டிருந்தால் திங்கட்கிழமை ராத்திரியே அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். ஊர் அவரைக் குற்றவாளி ஆக்கியது. சாட்சி வாயை மூடிக்கொண்டார். மூடாமல் என்ன செய்வார்?

‘யாரோட போனா?’ என்ற கேள்வி செய்யும் கெடுதல் இதுதான். அது பெண்ணின் பெயரைக் கெடுக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அவளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியையும் அடைக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. அவளைப் பார்த்தவன், வழி சொன்னவன், பேனா கடன் கொடுத்தவன், செல்போனில் கடைசியாகப் பேசியவன் எல்லாருமே தேட உதவக்கூடியவர்கள். அந்தக் கேள்வியைப் போட்டதும் அத்தனை பேரும் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடுகிறார்கள். பிறகு எவன் வாயைத் திறப்பான்? நிஜமாகவே அவளுக்குக் கெடுதல் செய்தவன் ஒருவன் இருந்தால், இந்தக் கூச்சலில் அவனுக்குத்தான் வசதி.

அமெரிக்க எழுத்தாளர் ஷர்லி ஜாக்சனை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் குடும்பம் பென்னிங்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கணவர் அதே கல்லூரியில் பாடம் நடத்தினார். அவருடைய ஒரு சிறுகதைக்குக் ‘காணாமல் போன பெண்’ என்றே தலைப்பு. 1957-ல் வந்தது. பெண்பிள்ளைகளுக்கான ஒரு கோடை முகாமிலிருந்து ஒரு சிறுமி காணாமல் போகிறாள். உள்ளூர்ப் போலீஸ் விசாரிக்கிறது. கூட இருந்தவளுக்குச் சரியாக ஞாபகம் இல்லை. ஆசிரியைகளுக்கு அவள் முகம் தெரியவில்லை. கடைசியில் அப்படி ஒரு பெண் இருந்தாளா என்பதே சந்தேகமாகிவிடுகிறது. படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயரை வாசித்துவிட்டு, ஒரு முகத்தையும் பார்க்காமல் மூடிவைக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் அது எழுதப்பட்ட கதை. இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, “அதெல்லாம் நாவல் டீச்சர், இங்க ஸ்டேஷன்ல யார் கேக்கறா?” என்று சலித்துக்கொள்பவர்களுக்கு. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தெரிந்துகொள்ளாதது உங்கள் குற்றம்.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை காணவில்லை என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். வேறு விதமாகத் தெரியவரும் வரை அதைக் கடத்தல் அல்லது ஆள்கடத்தல் வியாபாரம் என்றே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். கவனியுங்கள்: சட்டம் முதலில் நினைக்கச் சொல்வது ‘இவளுக்கு யாரோ கெடுதல் செய்திருக்கலாம்’ என்று. நாம் முதலில் நினைப்பது ‘இவள் என்ன செய்தாளோ’ என்று.

அதே வருஷம் நவம்பரில் வந்தது லலிதா குமாரி வழக்குத் தீர்ப்பு. கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றம் என்று தகவல் வந்தாலே எஃப்.ஐ.ஆர். பதிவு செய்வது கட்டாயம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொன்னது. தலைமை வகித்தவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப. சதாசிவம். வக்கீல்கள் தினமும் மேற்கோள் காட்டும் இந்தத் தீர்ப்பு எதில் ஆரம்பித்தது தெரியுமா? உத்தரப் பிரதேசத்தில் தன் சின்ன மகளைக் காணவில்லை என்று ஸ்டேஷன் படியேறிய ஒரு அப்பாவின் புகாரில். அவர் புகாரை உடனே பதிவு செய்யவில்லை. அவர் விடவில்லை.

ஆகவே பிள்ளைகளே, உறவுகளே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒன்று நடந்தால் செய்ய வேண்டியவை:

‘இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வா’ என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. உடனே போங்கள். வேறு ஸ்டேஷன் எல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. எங்கே போனாலும் புகாரைப் பெற்றாக வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள். அது இலவசம்.

பிள்ளைகள் என்றால் 1098, அவசரம் என்றால் 112, பெண்களுக்கு 181.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணி, எந்த இடம், என்ன உடுப்பு, என்ன செருப்பு, கையில் என்ன பை, எந்த பஸ், எவ்வளவு காசு வைத்திருந்தாள். நாவலின் தலைப்பை மனதில் வையுங்கள், மறக்காது.

படம் பகிர வேண்டும் என்றால் போலீஸ் வெளியிட்டதை மட்டும் பகிருங்கள். பிள்ளை கிடைத்த அன்றைக்கே அதை நீக்குங்கள், நீங்கள் அனுப்பிய இடங்களிலும் நீக்கச் சொல்லுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பிவிட்ட பெண்ணின் படம் இன்னும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரியது. உங்கள் ஃபார்வர்டுக்கும் அது பொருந்தும்.

அவள் நிஜமாகவே ஒருவனோடுதான் போயிருக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அவள் உயிரோடு இருக்கிறாளா, விருப்பப்பட்டுத்தான் போனாளா, வயது வந்தவளா, அங்கே பத்திரமாக இருக்கிறாளா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த பிறகு உங்கள் கருத்துக்கு அங்கே வேலை இல்லை.

‘நல்ல புத்தகம்’ கேட்ட உறவினருக்கு: இது நல்ல புத்தகம்தான், மாப்பிள்ளை. ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் எப்படிக் கவலைப்பட வேண்டும், எப்படித் தேட வேண்டும் என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சொல்லிக் கொடுக்கிறது. உங்களுக்கு ஒன்பதாவது படிக்கும் மகள் இருக்கிறாள். வாங்கி நீங்கள் முதலில் படியுங்கள். ஆங்கிலம் எளிமையாகத்தான் இருக்கும். புரியாத இடத்தில் எனக்குப் போன் செய்யுங்கள்.

சிரித்த பதினேழு பேரும் அந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கள். முதல் பதில் போட்ட தம்பி, நீ நன்றாகப் படித்த பிள்ளை. உன் கேள்வியைத் திருத்தி எழுது: “கடைசியாக அவளை யார் பார்த்தது டீச்சர்?” அதற்கு நான் பதில் சொல்கிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், சண்டைக்குத் தயார். ஆனால் உங்கள் ஊரில் நடந்தது என்று எந்தப் பெண்ணின் பெயரையும் படத்தையும் இங்கே போடாதீர்கள். போட்டால் நீக்கிவிடுவேன்.